ஆர்ஜிரலின்: விளம்பரமும் பிரமாணமும்

ஊசியின்றி, வலியின்றி, வைத்தியரை நாட வேண்டிய அவசியமுமின்றி, போடாக்ஸ் ஊசி செய்கிற காரியத்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்த திரவமொன்று செய்து முடிக்கும் என்ற வாக்குறுதியோடு, கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகச் சந்தையில் உலவி வருகிறது, ஆர்ஜிரலின் என்னும் செயற்கைப் பெப்டைடு. குப்பியின் பின்புறத்தில் பொடி எழுத்துகளில் அச்சிட்ட பொருட்பட்டியலில் அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8 என்று அதன் ரசாயனப் பெயர் காணப்படும், பழைய குப்பிகளில் 8 என்பதற்குப் பதில் 3 என்று இருக்கும், பொருள் ஒன்றேதான். ஆறு அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்து ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் இந்தச் சின்னஞ்சிறு சங்கிலி, ஸ்பெயின் தேசத்தில் பிறந்து, பல கண்டங்களில் பிரசித்தி பெற்று, இப்போது நம் ஊர் மருந்துக் கடைகளின் அலமாரிகளிலும் இடம் பிடித்துவிட்டது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்து அதை வாங்குகிற ஒருவருக்கு, அதன் பின்னால் நிற்கும் விஞ்ஞான ஆதாரம் எத்தகையது, அது எந்த இடத்தில் உறுதியாக நிற்கிறது, எந்த இடத்தில் தளர்ந்துபோகிறது என்பதை அறிந்துகொள்ளும் பாத்தியதை நிச்சயமாக உண்டு.

இந்தப் பொருள் போலிச் சரக்கு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைக்கு வரும் எத்தனையோ அழகுச் சாதனங்களுக்கு ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாதிருக்க, ஆர்ஜிரலினோ நரம்பியலின் மிக உயர்ந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றிலிருந்து நேராகக் கிளைத்து வந்தது. அதைச் சிந்தித்து உருவாக்கியவர்கள் தேர்ந்த ஆராய்ச்சியாளர்கள். தங்கள் பரிசோதனைகளை விஞ்ஞான சஞ்சிகையில் முறையாகப் பிரசுரித்தும் இருக்கிறார்கள். ஆனால், உயிரணுவுக்குள் நிகழும் ஒரு செயலை மெய்ப்பிப்பது வேறு, அதே செயல் மனித முகத்தில் நிகழ்கிறது என்று மெய்ப்பிப்பது வேறு. அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஆராய்ச்சி இன்னும் கடந்து முடிக்கவில்லை, விளம்பரமோ ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

விஷத்தில் பிறந்த யோசனை

ஆர்ஜிரலினின் கதையை ஒரு விஷத்தின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பிரதேசத்தில், கெட்டுப்போன சாசேஜ் என்னும் இறைச்சிப் பண்டத்தைத் தின்றவர்கள் கண் இமை சரிந்து, நா வறண்டு, விழுங்கவும் சக்தியற்று, கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்து மடிந்துபோன சம்பவங்களை, யுஸ்டினுஸ் கெர்னர் என்ற வைத்தியர் ஒவ்வொன்றாகத் திரட்டி ஆராய்ந்தார். கவிஞராகவும் புகழ் பெற்றிருந்த அவர், 1817 முதல் 1822 வரை எழுதி வெளியிட்டவற்றில், இந்த விஷம் நோயாளியின் அறிவை மயக்காமலே தசைகளுக்கு நரம்பு வழியாகச் செல்லும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது என்று கண்டு சொன்னதோடு, மிகச் சிறிய அளவில் கொடுத்தால், கட்டுக்கடங்காமல் துடிக்கும் அங்கங்களை அமைதிப்படுத்த அதுவே மருந்தாகவும் கூடும் என்று ஊகித்தார். 1895ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் எல்லெஸெல் கிராமத்தில், ஒரு சாவு வீட்டில் வாசித்துவிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியை உண்ட வாத்திய கோஷ்டியினர் பலர் நோயுற்று, மூவர் இறந்தபோது, எமீல் வான் எர்மெங்கெம் என்ற விஞ்ஞானி அந்த விஷத்தை உண்டாக்கும் நுண்ணுயிரையே பிரித்தெடுத்தார். இன்று அதற்குக் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று பெயர்.

கெர்னரின் ஊகம் பலிக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியரான ஆலன் ஸ்காட், மாறுகண்ணைத் திருத்துவதற்காக அந்த விஷத்தை அணுவளவாகக் கண் தசைகளில் செலுத்திப் பார்த்து வெற்றி கண்டார். 1989ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை மாறுகண்ணுக்கும், கண் இமைகள் அடங்காமல் துடித்து மூடிக்கொள்ளும் நோய்க்கும் மருந்தாக அங்கீகரித்தது. இதற்கிடையில், 1987ஆம் ஆண்டு, கனடாவின் வான்கூவரில் அந்த இமைத் துடிப்பு நோய்க்கு இவ்வூசியைப் போட்டுவந்த ஜீன் கருதர்ஸ் என்ற கண் வைத்தியர், தம் நோயாளி ஒருவரின் புருவங்களுக்கு இடையே இருந்த கோடுகளும் மறைந்துபோனதைக் கவனித்து, சரும வைத்தியரான தம் கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1992இல் அதைப் பிரசுரித்தார். புருவ நடுக் கோடுகளைப் போக்கும் அழகுச் சிகிச்சைக்காக, போடாக்ஸ் என்ற பெயரில், அதே ஊசி அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது 2002 ஏப்ரலில். ஆர்ஜிரலினைப் பற்றிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானதும் அதே 2002ஆம் ஆண்டில்தான்.

இனி, அந்த விஷம் எதைச் செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆர்ஜிரலினின் முழு யோசனையும் அங்கேதான் இருக்கிறது. நரம்பின் நுனியில், அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனத் தூதனைச் சுமந்துகொண்டு எண்ணற்ற நுண்பைகள் காத்திருக்கின்றன. கட்டளை வந்ததும் நுண்பை நரம்பின் உறையோடு ஒட்டி உருகித் திறந்து, தூதனை வெளியே விடுகிறது. அது தசையைத் தொட்டதும் தசை சுருங்குகிறது. இப்படி நுண்பையையும் உறையையும் ஒன்றாக இழுத்துச் சேர்ப்பவை மூன்று புரதங்கள். நுண்பையின்மேல் இருப்பது சினாப்டோபிரெவின். நரம்பின் உறைமேல் இருப்பவை சின்டாக்ஸினும் ஸ்நாப்-25உம். இம்மூன்றும் கயிற்றின் புரிகளைப்போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும்போது பிறக்கும் இழுவிசைதான் நுண்பையைத் திறக்கச் செய்கிறது. ஸ்நேர் என்று பெயர் பெற்ற இந்தப் புரதக் கூட்டின் இயல்பையும், உயிரணுக்களுக்குள் நுண்பைகள் இயங்கும் நியதியையும் விளக்கியதற்காகவே ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடோஃப் ஆகிய மூவருக்கும் 2013ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பொட்டுலினம் விஷத்தின் ஏ வகையானது ஒரு நொதி. நரம்புக்குள் நுழைந்ததும் ஸ்நாப்-25 புரதத்தின் நுனியை வெட்டிவிடுகிறது. புரி அறுந்தால் முறுக்கு நிற்காது, நுண்பை திறப்பதில்லை, தசை ஓய்ந்துவிடுகிறது.

ஸ்பெயினின் எல்ச்சே நகரத்தில் மிகெல் எர்னாந்தெஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோனியோ ஃபெரர்-மொந்தியெலும் அவருடைய சகாக்களும் எழுப்பிய கேள்வி மிக நேர்த்தியானது. ஸ்நாப்-25ஐ வெட்டுவதற்குப் பதிலாக, அதன் ஒரு சிறு துண்டைப்போலவே இருக்கும் போலித் துண்டொன்றைச் செய்து உள்ளே அனுப்பினால், அது மெய்யான புரதத்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, புரி முறுக்கிக்கொள்ளாமல் தடுத்துவிடாதா? 1990களின் பிற்பகுதியிலேயே, ஸ்நாப்-25இன் நுனிப்பகுதியை ஒத்த நீண்ட பெப்டைடுகள் அவ்விதம் தடுப்பதை அவர்கள் உயிரணுக்களில் கண்டிருந்தார்கள். பிறகு அந்த நீண்ட சங்கிலியை விட்டுவிட்டு, புரதத்தின் மறுமுனையிலிருந்து ஆறே கண்ணிகள் கொண்ட துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். குளூட்டாமிக் அமிலம் இரண்டு, மெத்தியோனின் ஒன்று, குளூட்டமின் ஒன்று, ஆர்ஜினின் இரண்டு என்பது அதன் வரிசை. ஒரு முனையில் அசிட்டைல் தொகுதியையும் மறுமுனையில் அமைடு தொகுதியையும் பொருத்தி, சருமத்திலுள்ள நொதிகள் எளிதில் சிதைத்துவிடாதபடி செய்தார்கள். பார்சிலோனாவின் லிப்போடெக் நிறுவனம் இதைப் பொருளாக்கியது. சர்வதேச அழகுச் சாதன விஞ்ஞான சஞ்சிகையில் வெளியான 2002ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களில் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள், அந்நிறுவனத்தாரும் இருந்தார்கள்.

அந்தக் கட்டுரை சொல்வன மூன்று. ஸ்நேர் கூட்டு உருவாவதிலும் நிலைப்பதிலும் இப்பெப்டைடு குறுக்கிடுகிறது. உயிரணுக்களிலிருந்து ரசாயனத் தூதர்கள் வெளியேறுவது அதனால் குறைகிறது. இதைக் கலந்த குழம்பை முப்பது நாள் பூசியபோது முகச் சுருக்கங்களின் ஆழம் 30 சதவீதம் வரை குறைந்தது. முதலிரண்டையும் நான் மதிப்போடு ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அதே கட்டுரையில் அதன் ஆசிரியர்களே நேர்மையோடு எழுதியிருக்கும் ஒரு வாசகத்தின் பொருளை வாசகர்கள் மறக்கலாகாது: விஷத்தோடு ஒப்பிடும்போது இந்தப் பெப்டைடால் கிட்டும் தடையின் உச்ச அளவு மிகவும் குறைவு, அது எதிர்பார்த்ததே என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காரணம் தெளிவானது. விஷம் ஒரு நொதி. தன் ஒரு மூலக்கூறைக் கொண்டு ஸ்நாப்-25இன் பல மூலக்கூறுகளை அடுத்தடுத்து வெட்டக்கூடியது. நரம்பணுவை அடையாளங்கண்டு அதற்குள் நுழையும் தந்திரமும் அதன் உடலிலேயே அமைந்திருக்கிறது. அதனால்தான் ஒரே ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம் நிலைக்கிறது. பெப்டைடோ எதையும் வெட்டுவதில்லை. ஓர் இடத்துக்குப் போட்டியிடுவது ஒன்றே அதன் வேலை. போட்டியில் ஜெயிக்க அது ஏராளமான அளவில் அங்கே இருந்தாக வேண்டும், இருந்துகொண்டே இருக்கவும் வேண்டும்.

மூன்றாவது கூற்று, அதாவது சுருக்கம் 30 சதவீதம் வரை குறைந்தது என்பது, பத்துப் பெண்களிடம் செய்த பரீட்சையின் முடிவு. விளம்பரங்கள் இன்றளவும் மேற்கோள் காட்டும் எண் இதுதான். ஒரு புதிய யோசனையை மேலும் ஆராயலாமா என்று தீர்மானிப்பதற்குப் பத்துப் பேர் போதும். லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு பலனை உறுதி கூறுவதற்குப் போதாது. 'வரை' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அது அதிகபட்சத்தைச் சொல்லுகிறதே தவிரச் சராசரியைச் சொல்லவில்லை.

அளவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. குப்பியின்மேல் '10 சதவீத ஆர்ஜிரலின் கரைசல்' என்று எழுதியிருப்பதைக் கண்டு, உள்ளே பத்தில் ஒரு பங்கு பெப்டைடு இருப்பதாக நினைப்பவர்கள் பலர். மூலப்பொருளாக வியாபாரத்துக்கு வரும் அந்தக் கரைசலில் பெப்டைடு இருப்பதே 0.05 சதவீதம், அதைப் பத்து சதவீதம் சேர்த்தால் குப்பியிலிருக்கும் உண்மையான அளவு 0.005 சதவீதம். முப்பது மில்லிலிட்டர் குப்பி முழுவதிலும் சுமார் ஒன்றரை மில்லிகிராம். அளவு சிறிது என்பதனால் மட்டும் ஒரு பொருளுக்குச் சக்தி இல்லை என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும்படி அந்த எண் எழுதப்பட வேண்டாமா?

தோல் என்னும் காவல்

இப்போது வருவதுதான் இந்த விஷயத்தின் மையம். உயிரணுக்களை வளர்க்கும் கிண்ணத்தில், பெப்டைடுக்கும் அணுவுக்கும் நடுவே தோல் என்று ஒன்று கிடையாது. மனித முகத்தில் உண்டு. தோலின் புறத்தே, இறந்து தட்டையாகிப்போன அணுக்களும் அவற்றின் இடைவெளியை நிரப்பும் கொழுப்பும் சேர்ந்து அமைந்த கொம்புப் படலம், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூட வராத மெல்லிய உறையாயினும், வெளியிலிருந்து வருவனவற்றை உள்ளே விடாமலும், உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமலும் நம்மை உயிரோடு வைத்திருப்பது அதுவே. அதன்கீழ் உயிருள்ள மேல்தோல். அதற்கும் கீழே கொலாஜன் என்னும் புரதம் நிறைந்த அடித்தோல். அதற்கும் கீழே கொழுப்பு. புருவத்தைச் சுளிக்கும் தசையும், அந்தத் தசையை நரம்பு தொடும் சந்திப்பும் இவற்றுக்கெல்லாம் கீழே. கண்ணோரத்தில் மட்டும் தோல் மெல்லியது. தசை சற்று அருகிலிருக்கிறது. ஆர்ஜிரலின் தன் பெயருக்கேற்ற காரியத்தைச் செய்ய வேண்டுமானால், இத்தனையையும் கடந்து, நரம்பின் நுனியை அடைந்து, அதன் உறையையும் ஊடுருவி, உள்ளிருக்கும் ஸ்நேர் கூட்டைத் தொட வேண்டும்.

ஒரு பொருளின் மூலக்கூற்று எடை 500 டால்டனுக்கு மேற்பட்டால் அது தோலைக் கடப்பது அரிது என்று, தோல்மேல் பூசும் மருந்துகளையும் ஒவ்வாமைப் பொருள்களையும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டு போஸ், மைனார்டி என்ற இருவர் ஒரு விதியை முன்வைத்தார்கள். விதிவிலக்குகள் உண்டெனினும் மருந்து செய்வோர் இன்றும் அதை மதிக்கிறார்கள். ஆர்ஜிரலினின் எடை சுமார் 889 டால்டன். எடை மட்டுமன்று, இயல்பும் அதற்குப் பகை. மின்னேற்றம் தாங்கிய அமினோ அமிலங்கள் அதில் நான்கு இருப்பதால் அது நீரை விரும்புகிற பொருள். கொம்புப் படலத்தின் வழியோ கொழுப்பால் ஆனது.

இவையெல்லாம் அனுமானம்தானே, அளந்து பார்த்தவர் உண்டா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள், எண்ணெயும் நீரும் சேர்ந்த குழம்பில் இந்தப் பெப்டைடைக் கலந்து, இறந்தவர்களிடமிருந்து பெற்ற மனிதத் தோலின்மீதும், மயிரற்ற கினிப்பன்றியின் தோலின்மீதும் பூசி, இருபத்துநான்கு மணி நேரம் கழித்து எது எங்கே சேர்ந்திருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து, 2015ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பூசியதில் மிகப் பெரும்பகுதி தோலின் மேலேயே தங்கி, கழுவும்போது கழுவுநீரோடு போய்விட்டது. மனிதத் தோலில் கொம்புப் படலத்துக்குள் புகுந்தது 0.22 சதவீதம், மேல்தோலில் காணப்பட்டது 0.01 சதவீதம், அடித்தோலில் ஒன்றுமே காணப்படவில்லை, தோலைக் கடந்து அடியிலிருந்த திரவத்திலும் இல்லை. அந்த விகிதத்தையே கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், முன்னே சொன்ன முப்பது மில்லிலிட்டர் குப்பியை முழுவதும் பூசித் தீர்த்தாலும் உயிருள்ள மேல்தோலை எட்டுவது ஒரு மைக்ரோகிராமில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு; தசையோ அதற்கும் வெகு கீழே இருக்கிறது. இறந்த தோலில் செய்த பரிசோதனை உயிருள்ள முகத்துக்கு முழுமையாகப் பொருந்தாது என்ற ஆட்சேபத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்; ஆயினும் இதற்கு எதிர்மாறான முடிவைத் தரும் அளவீடு வேண்டுமென்று கேட்பது, விற்பவரிடம் கேட்கத்தக்க நியாயமான கோரிக்கையாகும்.

முகத்தில் கண்ட பலன்

அப்படியானால் முகத்தில் பலன் கண்டதாகச் சொல்லும் பரீட்சைகள் பொய்யா? அவ்விதம் சொல்ல எனக்கு நியாயமில்லை. 2013ஆம் ஆண்டு சீனாவில், அறுபது பேரைக் கொண்டு, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து ஒரு பரீட்சை நடந்தது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 45 பேர் ஆர்ஜிரலினையும், 15 பேர் அது கலவாத களிம்பையும், தினம் இருமுறை நான்கு வாரம் கண்ணோரத்தில் பூசினார்கள். பெப்டைடு பூசியவர்களில் 48.9 சதவீதத்தினருக்கு, அதாவது 22 பேருக்கு, பலன் தெரிந்ததாகவும், மற்றக் குழுவில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை என்றும் அக்கட்டுரை கூறுகிறது. தோலின் சொரசொரப்பை அளக்கும் கருவியும் முதல் குழுவில் மாறுதலைக் காட்டியது.

பத்துப் பேர் பரீட்சையைவிட இது எவ்வளவோ மேலானது. ஆனாலும் அந்தப் பூஜ்யம் என் மனத்தை உறுத்துகிறது. வெறும் ஈரப்பதக் களிம்பே நுண்ணிய சுருக்கங்களைத் தற்காலிகமாக மெத்தென்று ஆக்கிவிடும் என்பது சரும வைத்தியர்கள் யாவரும் அறிந்தது. நீர் ஏறிய கொம்புப் படலம் உப்பிக் கோடுகளை மறைக்கிறது. தவிர, எதைப் பூசினாலும் கொஞ்சம் நன்றாயிருப்பதாகச் சொல்வது மனித சுபாவம். ஆகவே, தோலைப் பற்றிய பரீட்சைகளில் மருந்தற்ற களிம்பைப் பூசிய குழுவிலும் ஓரளவு முன்னேற்றம் காணப்படுவதே வழக்கமாயிருக்க, பதினைந்து பேரில் ஒருவருக்கும் இம்மியளவு பலன் தெரியவில்லை என்பது அபூர்வம். குழு சிறிதாயிருந்ததால் தற்செயலாக அப்படி நேர்ந்திருக்கலாம். வேறோர் இடத்தில், வேறு ஆட்கள், பெரிய குழுக்களோடு அதைத் திரும்பச் செய்து பார்த்திருந்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

இதே 2013ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு பரீட்சையை விளம்பரங்களில் யாரும் குறிப்பிடுவதில்லை. ஆனால் எனக்கு எல்லாவற்றினும் சுவாரஸ்யமாகத் தோன்றுவது அதுதான். அமெரிக்கத் தேசிய சுகாதார ஆராய்ச்சிக் கழகத்தின் நரம்பியல் வைத்தியர்கள், முன்னே சொன்ன இமைத் துடிப்பு நோய்க்காகப் பொட்டுலினம் ஊசி போட்டுக்கொள்ளும் 24 நோயாளிகளைத் தேர்ந்து, ஊசியின் பலன் தேய்ந்துபோகாமல் சற்று அதிக நாள் நீடிக்க இந்தப் பெப்டைடுக் களிம்பு உதவுமா என்று பார்த்தார்கள். நோயாளிக்கும் தெரியாமல், வைத்தியருக்கும் தெரியாமல், பாதிப் பேருக்கு மெய்க் களிம்பும் பாதிப் பேருக்குப் போலிக் களிம்பும் கொடுக்கப்பட்டன. நோய் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு மெய்க் களிம்பு பூசியவர்களுக்கு 3.7 மாதமும், மற்றவர்களுக்கு 3.0 மாதமும் ஆயின. புள்ளியியலின் அளவுகோலில் இது ஒரு போக்கு மட்டுமே, நிரூபணம் அன்று. ஆனால் மெய்க் களிம்பு பூசியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறிப்பிடத்தக்க நீடிப்பு இருந்தது, தீங்கும் நேரவில்லை. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல். அதன் அடியிலேயே தசை. ஏற்கெனவே விஷத்தால் பலவீனப்பட்ட நரம்பில் சிறிதளவு பெப்டைடும் எடுபடக்கூடும். ஆகவே, தோல் தடுக்கும் என்ற என் வாதத்தைச் சாதித்துவிட்ட திருப்தியோடு இந்தப் பரீட்சையை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட நம்பிக்கைக் கீற்றைத் தொடர்ந்து, இன்னும் அதிக நோயாளிகளோடு ஆராய்வதல்லவா விஞ்ஞானத்துக்கு அழகு? கண்ணைத் திறக்க முடியாமல் அவதிப்படும் ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் மூன்று வாரம், கண்ணோரக் கோடு மறைவதைவிட எத்தனையோ மடங்கு மதிப்புள்ளது.

ஆர்ஜிரலினுக்குச் சகோதர முறையான இன்னொரு பெப்டைடோடு ஒப்பிட்டால் ஆதாரத்தின் தரத்தில் உள்ள வேற்றுமை விளங்கும். மெம்ஃபிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1993இல், கொலாஜனின் முன்னோடிப் புரதத்திலிருந்து ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைக் கண்டுபிடித்து, அது உயிரணுக்களைத் தூண்டிப் புதிய கொலாஜனை உண்டாக்கச் செய்கிறது என்று காட்டினார்கள். பிரான்ஸின் செதெர்மா நிறுவனம் அதன் முனையில் பால்மிடிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தைச் சேர்த்து, தோலின் கொழுப்பு வழியில் புகத்தக்கதாக்கி, மேட்ரிக்ஸில் என்ற பெயரில் விற்றது. 2005ஆம் ஆண்டு, 35 முதல் 55 வயது வரையிலான 93 பெண்களுடைய முகத்தின் ஒரு பாதியில் வெறும் களிம்பும், மறு பாதியில் அந்தப் பெப்டைடு பத்து லட்சத்தில் மூன்று பங்கு மட்டுமே சேர்ந்த களிம்பும் பன்னிரண்டு வாரம் பூசிப் பார்த்தபோது, சிறிதேயாயினும் புள்ளியியல் ஒப்புக்கொள்ளும் வேற்றுமை காணப்பட்டது. ஒரே முகத்தின் இரு பாதிகளை ஒப்பிடும்போது வயது, வெயில், பரம்பரை, உறக்கம் ஆகிய பேதங்களெல்லாம் தாமே நீங்கிவிடுகின்றன; இந்தப் பரீட்சையின் பலம் அதில் இருக்கிறது. அதை நடத்தியவர்களும் களிம்பு விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தோலுக்குள் புகும் உபாயத்தை முதலிலேயே சிந்தித்துச் செய்தார்கள், வேலை செய்ய வேண்டிய அணுக்களும் தசையின் ஆழத்தில் இல்லாமல் தோலிலேயே இருக்கின்றன. அவ்வளவில் அது ஆர்ஜிரலினைவிட உறுதியான நிலத்தில் நிற்கிறது.

இவ்விரண்டையும் விட்டு மேலே ஏறிப் பார்த்தால் ஆதாரம் என்பது எப்படி இருக்கும் என்று தெரியவரும். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த டிரெட்டினாயின் என்ற மருந்தை வெயிலில் சேதமுற்ற தோலில் பத்து மாதத்துக்கு மேல் பூசி, தோலின் துணுக்கை வெட்டியெடுத்துப் பார்த்து, கொலாஜன் உற்பத்தி 80 சதவீதம் உயர்ந்திருந்ததையும், வெறும் களிம்பு பூசியவர்களிடம் அது 14 சதவீதம் தாழ்ந்திருந்ததையும் 1993ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர்கள் பிரசுரித்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்னும் ஊரில், 903 பேரை நாலரை ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, புறங்கையின் தோலைச் சிலிக்கோன் அச்சில் வார்த்து ஒப்பிட்டு, தினந்தோறும் வெயில் தடுப்புக் களிம்பு பூசியவர்களின் தோல் மூப்பு, தம் இஷ்டம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாயிருந்ததை 2013இல் வெளியிட்டார்கள். டிரெட்டினாயின் தோலை எரிச்சலூட்டும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். வைத்தியரைக் கேட்டே உபயோகிக்க வேண்டும். ஆயினும் யாராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்டால், பெப்டைடுக் குப்பிக்குச் செலவிடும் பணத்தில் முதலில் நல்ல வெயில் தடுப்புக் களிம்பை வாங்கித் தினமும் பூசிக்கொள்ளுங்கள் என்றே தயங்காமல் சொல்லுவேன்.

ஆர்ஜிரலினைப் பூசுவதால் ஆபத்து உண்டா என்று அஞ்ச வேண்டியதில்லை. அது தோலை உறுத்துவதாகவோ விஷமாக வேலை செய்வதாகவோ ஆய்வுகளில் தெரியவரவில்லை. உள்ளே அதிகம் புகாத பொருள் தீங்கும் அதிகம் செய்யாது. இழப்பு பணத்தில்தான், எதிர்பார்ப்பில்தான்.

சட்டத்தின் நிலையும் விசித்திரமானது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படியும், நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுச் சாதனப் பொருள்கள் சட்டப்படியும், தோற்றத்தை அழகுபடுத்தும் பொருள் வேறு, உடலின் செயலை மாற்றும் மருந்து வேறு. மருந்து என்றால் பலனை நிரூபித்த பிறகே விற்கலாம். அழகுச் சாதனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கிறேன் என்று மெய்யாகவே ஒரு பொருள் சொல்லுமானால் அது மருந்தாகிவிடும். ஆகவேதான் குப்பிகளின்மேல் 'சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்க உதவுகிறது' என்று பக்குவமாக எழுதிவிட்டு, போடாக்ஸின் நினைவை வாங்குகிறவர் மனத்தில் வேறு வழிகளில் எழுப்பிவிடுகிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2013ஆம் ஆண்டு வகுத்த விதிகள், அழகுச் சாதனத்தைப் பற்றிச் சொல்லும் எந்த உரிமைகோரலுக்கும் உண்மையும் தக்க ஆதாரமும் இருக்க வேண்டும், வாங்குகிறவர் தெரிந்து தீர்மானிக்க வகை செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. அவ்விதிகளின் உட்பொருளைக் கொண்டு பார்த்தால், ஊசியோடு ஒப்பிடும் பேச்சை இன்றைய ஆதாரம் தாங்காது என்பதே என் தீர்மானமான கருத்து.

இந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் பரிசோதனை செய்ய முடியாத ஒன்றன்று. சில நூறு பேரைச் சேர்த்து, அவர்களின் முகத்தில் ஒரு பாதிக்கு ஆர்ஜிரலினும், மறு பாதிக்கு, அதே ஆறு அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்துச் செய்த வேறொரு பெப்டைடும், ஒரே களிம்பில், ஒரே அளவில் ஆறு மாதம் பூசச் செய்ய வேண்டும். எடையும் மின்னேற்றமும் ஈரம் காக்கும் குணமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். ஸ்நாப்-25ஐப் போலத் தோற்றமளிக்கும் சக்தி மட்டும் ஒன்றுக்கு உண்டு, மற்றதற்குக் கிடையாது. சுருக்கத்தின் ஆழத்தை அளப்பதோடு நில்லாமல், சிரிக்கும்போதும் புருவம் சுளிக்கும்போதும் தசையில் எழும் மின்னதிர்வையும் பதிவுசெய்ய வேண்டும். என்ன அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பகிரங்கமாக எழுதிவைக்க வேண்டும். விற்பவர் அல்லாத ஒருவர் அதை நடத்த வேண்டும். இரு பாதிகளிலும் ஒரே அளவு பலன் தெரியுமானால், நாம் இதுவரை கண்டது களிம்பின் ஈரத்தை என்று ஆகும். ஆர்ஜிரலின் பூசிய பாதியில் மட்டும் மின்னதிர்வு தணிந்து சுருக்கமும் குறையுமானால், எல்ச்சே நகரத்தாரின் யோசனை கிண்ணத்திலிருந்து முகத்துக்கு வந்துசேர்ந்ததாக ஆகும். ஊசியோடு தன்னை ஒப்பிட்டுப் பேசும் உரிமையும் அந்தக் குப்பிக்கு அன்றைக்குக் கிடைக்கும்.